தேய்மானம்தான், நடந்தால் சரியாகும்

என் வலது முட்டியில் வந்தது ஊரில் பாதிப் பெண்களுக்கு வருகிற வலிதான். அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடும் மற்றவர்களைப் படுத்திய பாடும்தான் அதிகம். இப்போது நன்றாக இருக்கிறேன், தினமும் நடக்கிறேன். முட்டுவலி என்று கடைக்கு வந்து கேட்கிறவர்களிடம் இதைத் துண்டு துண்டாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் நடந்ததை முழுதாக எழுதிவைக்கிறேன். இதில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை.

கேரள எல்லைக்குள் இருக்கிற குளத்தூரில் பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பெயர் வசந்தா. வலி வந்தபோது வயது ஐம்பத்துமூன்று. மே மாதம் முழுக்கத் தையல் அவசரம். காலையில் மோட்டார் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். அந்த அவசரம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையில் ஜெபத்துக்கு முழங்காலிட்டு எழும்போது முட்டியின் உள்பக்கத்தில் சுருக்கென்று வலித்தது. முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அடுத்த வாரங்களில் வலி அங்கேயே தங்கிவிட்டது. படி ஏறும்போது அவ்வளவு இல்லை, இறங்கும்போது வலித்தது. காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் முட்டி மடங்க மறுக்கும். மடக்கி நீட்டினால் உள்ளே மணல் அரைபடுவது போல நெறுநெறுக்கும்.

என் வீட்டுக்காரர் தேவதாசன் வயரிங் வேலை செய்கிறவர். ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எலும்பு டாக்டர் என்னைப் படுக்கவைத்து முட்டியை மடக்கினார், நீட்டினார், பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எழுதினார். இரண்டும் கிடைத்து மறுபடி அவர் முன்னால் உட்கார மத்தியானம் ஆகிவிட்டது. ரத்தத்தில் வாதம் இல்லை, யூரிக் அமிலம் கூடவில்லை என்றார். பிறகு எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கமாக உயர்த்திப் பார்த்துவிட்டு, மலையாளத்தில், "தேய்மானம்தான் சேச்சி. ஆரம்பம்தான். நடந்தால் சரியாகும்" என்றார்.

ஊசி இல்லை, மாத்திரை இல்லை. வலி கூடினால் பூச ஒரு களிம்பு, பிசியோதெரபிக்கு ஒரு சீட்டு, அவ்வளவுதான். நான் எழுந்ததும், "சேட்டன் ஒரு நிமிஷம் இருக்கட்டும்" என்றார் டாக்டர். வெளியே வராந்தாவில் நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம். என் வீட்டுக்காரர் வெளியே வரும்போது ஒரு காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"என்னவாக்கும் பறஞ்சாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல எட்டி. உன்னெ நடக்க வைக்கணும்னு பறஞ்சாரு."

நான் அதை நம்பவில்லை. ஏனென்றால், 'தேய்மானம்தான், நடந்தால் சரியாகும்' என்ற வார்த்தையை நான் ஏற்கெனவே ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால், என் கூடப்பிறந்த லில்லி அக்காவிடம். அது பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

அக்காவுக்கும் முட்டுவலி என்றுதான் தொடங்கியது. எடுத்த படத்தில், முட்டிக்கு மேலே தொடை எலும்பில் புற்று இருந்தது. வேறெங்கோ தொடங்கி எலும்புக்கு வந்தது என்றார்கள். டாக்டர் அத்தானையும் என்னையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். அக்கா வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவள் பயந்து விடுவாள், உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று வராந்தாவைக் கடப்பதற்குள் நானும் அத்தானும் முடிவு செய்துவிட்டோம். சில நாட்களில் சமையலறையிலிருந்து கிணற்றடிக்கு நடந்துபோகும்போது அவள் கால் ஒடிந்தது. விழுந்ததால் ஒடியவில்லை, ஒடிந்ததால் விழுந்தாள். அதற்குப் பிறகு பத்து மாதம் இருந்தாள்.

அதனால் வீட்டில் நடந்தது எல்லாம் எனக்குச் சாட்சியமாகத் தெரிய ஆரம்பித்தது. இவர் தேநீரில் சர்க்கரையை நிறுத்தினார். இரண்டு கரண்டி போட்டாலும் போதாது என்கிற மனிதர். எனக்காகக் கடவுளிடம் நேர்ந்துகொண்டு பொருத்தனை வைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் வளைகுடாவிலிருந்து போன் செய்கிற மகன் ஜிபின் தினமும் கூப்பிட்டு, "அம்மா நடந்தியா?" என்று கேட்டான். காய் நறுக்க வசதியாக இருக்கட்டும் என்று சமையலறையில் ஒரு நாற்காலி வந்தது. சபைப் போதகர் எப்போதும் போல வீட்டு ஜெபத்துக்கு வந்தார். எனக்கு அதுகூட எப்போதும் போலத் தோன்றவில்லை. லில்லி அக்காவுக்கு நாங்கள் செய்தது இதைத்தான். தினமும் மீன் வாங்கினோம், அவள் சொன்ன நகைச்சுவைக்கெல்லாம் அதிகமாகச் சிரித்தோம்.

ஒருநாள் இவர் குளிக்கப் போனபோது சட்டைப் பையைத் தேடினேன். காகிதம் இல்லை. என் எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூலையில் என் பெயர் சரியாக இருந்தது, வயது மட்டும் முப்பத்தைந்து என்று போட்டிருந்தது. ஐம்பத்துமூன்றை யாரோ திருப்பி அடித்திருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. வேறு ஒரு வசந்தாவின் நல்ல முட்டியைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்துகிறார்கள், என் படம் இவர் கையில் இருக்கிறது என்று நினைத்தேன்.

பட்டன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பாறசாலையிலிருந்து எல்லை தாண்டிக் களியக்காவிளை, அங்கிருந்து மார்த்தாண்டம் என்று இரண்டு பஸ் மாறிப் போனேன். அங்கே ஒரு தனியார் டாக்டரிடம் படத்தைக் கொடுத்தேன். யாரும் கூட வரவில்லையா என்று கேட்டார். எனக்கு யாரும் இல்லை, எதுவானாலும் என்னிடமே சொல்லலாம் என்றேன். அவர் தமிழில், நிதானமாக, அதையே சொன்னார். ஆரம்பத் தேய்மானம். தொடையில் பலம் வேண்டும், எடை கொஞ்சம் குறைய வேண்டும், நடக்க வேண்டும். இரண்டு மாநிலத்திலும் ஒரே வார்த்தை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பார்த்ததும் முப்பத்தைந்து வயது வசந்தாவின் படம்தானே என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். பட்டன் வாங்க மறந்துவிட்டேன். அதற்கும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது.

பிசியோதெரபி வாரத்துக்கு இரண்டு நாள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு நீள அறை, சுவரோரம் ஏழெட்டு நாற்காலி. எல்லோரும் என்னைப் போல முட்டுவலிக்காரர்கள். நடத்தியவள் ஆதிரா என்ற பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். கையை மார்போடு கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழவேண்டும், உட்கார வேண்டும். அரை நிமிடத்தில் எத்தனை தடவை என்று எண்ணுவாள். முதல் நாள் எனக்கு ஒன்பது. மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் ஒரு சாண் உயர்த்தி ஐந்து எண்ணி இறக்க வேண்டும். சுவரில் முதுகை வைத்துக் கொஞ்சம் சறுக்கி நிற்க வேண்டும். இதைத் தவிர வீட்டில் தினமும் நடை. முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். எத்தனை நிமிடம் நடந்தோம், எவ்வளவு வலித்தது என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னாள்.

என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பெருங்கடவிளைக்காரர், வாழை விவசாயி. வலிக்கிற காலை வைத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார்களே என்று அவர் முணுமுணுத்ததும் நான் சேர்ந்துகொண்டேன். ஊசி வாங்கக் காசில்லாத ஆஸ்பத்திரி, அதனால் நம்மை நடக்கவிட்டுக் கைகழுவுகிறார்கள் என்றேன். நான் உள்ளுக்குள் நினைத்தது அதைவிட மோசம். இந்தப் பெண்ணுக்கும் தெரியும், இவளையும் இவர்கள் நடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் நடக்கவில்லை. நடந்தால் எலும்பு ஒடியும் என்று நிச்சயமாக நம்பினேன். கிணற்றடியில் அக்கா கிடந்த கோலம் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனால் நோட்டில் மட்டும் ஒழுங்காக எழுதினேன். பத்து நிமிடம், பன்னிரண்டு, பதினைந்து. வலி கொஞ்சம், வலி குறைவு. சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே உட்கார்ந்திருப்பேன். பகலிலும் முடிந்தவரை எழாமல் இருந்தேன். தண்ணீர் எடுக்கக்கூட யாரையாவது கூப்பிட்டேன். முட்டியை அசைக்காமல் வைத்துக் காப்பாற்றுகிறேன் என்பது என் கணக்கு. மூன்றே வாரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் உள்ள நாலு படியை இறங்கக் கைப்பிடி இல்லாமல் முடியவில்லை. ஒரு தடவை முட்டி நழுவி, கைப்பிடியில் தொங்கினேன். அதையும் நோய் முற்றுவதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

அன்றுதான் ஆதிரா மறுபடி எண்ணினாள். அரை நிமிடத்தில் ஏழு. நாடாவை எடுத்துத் தொடையின் சுற்றளவைப் பார்த்தாள், முதல் நாள் எடுத்த அளவோடு ஒப்பிட்டாள். நோட்டைப் புரட்டினாள். நான் அளவெடுக்கிற தொழில் செய்கிறவள். நாடா பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும். எல்லோரும் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டாள்.

"இந்த நோட்டில எழுதின ஆளு நடந்திருக்கு. இந்தக் காலு நடக்கல" என்றாள். மலையாளம் கலந்த தமிழ் அவளுக்கு நன்றாகவே வரும். "திட்ட மாட்டேன். எதைப் பயப்படுறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவளுக்கு என்னை யாரென்றே தெரியாது. அதனாலேயோ என்னவோ சொல்லிவிட்டேன். அக்காவின் வலி, படம், நாங்கள் சொன்ன பொய், ஒடிந்த கால், இவர் டாக்டரோடு இருந்த மூன்று நிமிடம், முப்பத்தைந்து வயது எக்ஸ்ரே எல்லாம். உங்களுக்கு அதெல்லாம் இல்லை என்று உடனே சொல்லுவாள் என எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை.

"நான் சொன்னா நீங்க நம்பப்போறதில்ல. உங்க அக்காவோட பழைய படம் இப்பவும் இருக்கா?"

படம் பிரியாவிடம் இருந்தது. பிரியா அக்காவின் ஒரே மகள். பெருங்கடவிளையில் கணவனோடு இருக்கிறாள், ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. அத்தான் இறந்தபோது அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் முழுவதையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப்போனவள். அக்கா நோயில் இருந்தபோது அவள் திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடப் பரீட்சை. அவளுக்கும் கால் ஒடிந்த பிறகுதான் நோய் என்னவென்று சொன்னோம். அது வரைக்கும் எங்களுக்கும் தெரியாது என்றுதான் அவள் நம்பியிருந்தாள். எட்டு வருடம் நான் அந்த நம்பிக்கைக்குள் பத்திரமாக இருந்தேன்.

சனிக்கிழமை போனேன். அவள் தேநீர் கொடுத்தாள், முட்டியைப் பற்றி விசாரித்தாள், மூட்டுக்கு நல்லதென்று யாரோ சொன்ன எண்ணெயைப் பற்றிச் சொன்னாள். நான் படத்தைக் கேட்டதும் கண்ணைச் சுருக்கினாள்.

"அம்மைக்க படம் உங்களுக்கு எதுக்கு சித்தி?"

என்னுடையதோடு வைத்துப் பார்க்க என்றேன். ஏன் அப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், எனக்கு அதில் பழக்கம் உண்டு. ஆனால் ஆதிராவிடம் ஒரு தடவை சொல்லிவிட்ட வாய் மறுபடி மூட மறுத்தது. கால் ஒடிவதற்கு முன்னாலேயே எங்களுக்குத் தெரியும் என்றேன். உன் அப்பாவுக்கும் எனக்கும் தெரியும், நாங்கள்தான் அம்மாவிடம் மறைத்தோம், உன்னிடமும் மறைத்தோம் என்றேன்.

பிரியா எழுந்து உள்ளே போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. துணிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அழவில்லை.

"நீங்க நடக்கணும்னு பறஞ்சீங்க. அம்ம நடந்தா. போன்ல எனக்கிட்ட பறஞ்சா, இன்னைக்கு சர்ச் வரை நடந்தேன் மக்களேன்னு. எவ்வளவு சந்தோசமா பறஞ்சா தெரியுமா?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் எப்போதும் கூட வருகிறவள், அன்று வாசலுக்குக்கூட வரவில்லை.

ஆதிரா எலும்பு டாக்டரிடம் முன்பே பேசிவைத்திருந்தாள். ஓ.பி. முடிந்து கூட்டம் போன பிறகு வரச் சொன்னார்கள். இவரிடம் சொல்லாமல் போக முடியவில்லை, கூடவே வந்தார். டாக்டர் முதலில் என்னைப் புது எக்ஸ்ரேக்கு அனுப்பினார். இந்த முறை நிற்கவைத்து, இரண்டு முட்டியையும் சேர்த்து எடுத்தார்கள். நான் படமெடுக்கும் பெண்ணின் தோளுக்குப் பின்னால் நின்று பெயரும் வயதும் சரியாக அடிக்கிறாளா என்று பார்த்தேன். படம் வந்ததும் யார் கையிலும் கொடுக்காமல் நானே கொண்டுபோனேன்.

டாக்டர் விளக்குப் பெட்டியைப் போட்டு, அக்காவின் படத்தை இடதுபக்கமும் என் படத்தை வலதுபக்கமும் வைத்தார். கிட்டே வரச் சொன்னார்.

பூச்சி அரித்த கம்பளித் துணியைப் பார்த்திருக்கிறவர்களுக்கு அக்காவின் எலும்பைப் புரியவைக்கலாம். முட்டிக்கு மேலே, தொடை எலும்பில் ஓரிடம் முழுவதும் நூல் நூலாக இருந்தது. எலும்பின் விளிம்பு அங்கே இல்லவே இல்லை. என் எலும்பின் விளிம்போ கத்தரியால் வெட்டியது போல ஒரே கோடாக ஓடியது. இரண்டு எலும்புக்கும் நடுவே கறுப்பாக ஒரு இடைவெளி இருந்தது. அங்கேதான் குருத்தெலும்பு இருக்கிறது, அது படத்தில் விழாது, இடைவெளியாக மட்டும் தெரியும் என்றார் டாக்டர். அந்த இடைவெளி என் முட்டியின் உள்பக்கத்தில் கொஞ்சம் குறுகியிருந்தது. ஓரத்தில் குருவி அலகு போல ஒரு சின்னக் கூர்மை. தேய்மானம் என்றால் இதுதான்.

பிறகு நடையைப் பற்றிச் சொன்னார். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாதாம். காலில் பாரம் ஏறி இறங்கும்போது, நனைந்த பஞ்சைப் பிழிந்து விடுவது போல, மூட்டுக்குள் இருக்கிற நீர் அதற்குள் போய் வருகிறது. அதுதான் அதற்குச் சாப்பாடு. அசைக்காமல் வைத்தால் அது பட்டினி கிடக்கும். தொடைத் தசை மெலிந்தால், அந்தத் தசை தாங்க வேண்டிய பாரமும் மூட்டின் மேலேயே விழும். மூன்று வாரம் நான் முட்டியைக் காப்பாற்றிய லட்சணம் அதுதான்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஒரு கால்வாசி. ஆனால் என் கண் இடதுபக்கப் படத்திலேயே நின்றது. எட்டு வருடத்துக்கு முன்னால் டாக்டர் அதைக் காட்டியபோது நான் சரியாகப் பார்க்கவில்லை. அந்த எலும்பின் மேல்தான் அவள் சர்ச் வரை நடந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்ததும் இவரிடம் கேட்டேன். படமும் பார்த்தாயிற்று, எனக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் அன்று மூன்று நிமிடம் என்ன பேசினீர்கள்? சட்டைப் பையில் வைத்தது என்ன?

இவர் தேநீர் டம்ளரைத் தள்ளிவைத்தார். "எனக்க சுகராக்கும்" என்றார். "கேம்புல பாத்தப்போ ரொம்பக் கூடுதல். உனக்க வலிக்கெடையில அதையும் சொல்லாண்டாம்னு நெனச்சேன். உன்னெ நடக்க வைக்கணும்னு பறயத்தான் டாக்டர் என்னெ நிக்கச் சொன்னாரு. அப்போ அந்த ரிசல்ட்டெ அவருக்கிட்ட காட்டினேன்."

"ஜிபினுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் பறஞ்சேன்."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஒரு மாதமாக என் வீட்டில் ஒரு நோயை மறைக்கிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டது சரிதான். ஆளை மட்டும் மாற்றி நினைத்துவிட்டேன். சர்க்கரை இல்லாத தேநீருக்கும் மகனின் தினப்படி போனுக்கும் அர்த்தம் அதுதான். அவன் அப்பாவை நடக்கவைக்க என்னைப் பிடித்திருக்கிறான். கத்த வாயெடுத்தேன். ஆனால் அந்த மனிதர் செய்ததும் நான் அக்காவுக்குச் செய்ததும் ஒன்றுதானே, பயந்துவிடுவாள் என்ற அதே நினைப்புத்தானே என்று தோன்றியது. இனிமேல் இந்த வீட்டில் யாருடைய ரிசல்ட்டும் இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். சம்மதித்தார். ஆனாலும் மாத்திரைப் பெட்டியை இப்போதும் நானே எண்ணிப் பார்க்கிறேன்.

அடுத்த நாளிலிருந்து நடந்தேன். இவரும் கூட வந்தார். முதல் நாள் பத்து நிமிடம், வீட்டிலிருந்து கால்வாய்க் கரை வரை போய்த் திரும்பினோம். ஒவ்வொரு அடிக்கும் எலும்பு ஒடிகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன். படத்தைப் பார்த்தது மூளைதான், காலுக்கு இன்னும் தெரியாது. மூன்றாம் நாள் வலி கூடியது. பார்த்தாயா என்று நோட்டை எடுத்துக்கொண்டு ஆதிராவிடம் போனேன்.

அவள் சொன்ன விதி எளிது. நடக்கும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. பல்லைக் கடிக்கிற அளவுக்குப் போகக்கூடாது. நடந்த பிறகு கூடின வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால் அதே அளவு நடக்கலாம். வரவில்லையென்றால் ஐந்து நிமிடம் குறைக்க வேண்டும், ஆனால் நிறுத்தக்கூடாது. முட்டி வீங்கினால், சூடாக இருந்தால், உடனே வந்து காட்ட வேண்டும். எனக்கு வலி மறுநாள் காலையில் இறங்கியிருந்தது. அதை நோட்டில் உண்மையாக எழுதினேன். மெஷினில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்க வேண்டும் என்றாள். மூன்று சட்டைக்கு ஒரு தடவை எழுவது என்று வைத்துக்கொண்டேன்.

ஆறாவது வாரம் அரை நிமிடத்தில் பத்து தடவை எழுந்தேன், பன்னிரண்டாவது வாரம் பதின்மூன்று. ஆஸ்பத்திரிப் படியைக் கைப்பிடி தொடாமல் இறங்கினேன். வாழை விவசாயி கைதட்டினார். அவர் முட்டி என்னுடையதைவிடச் சீக்கிரம் தேறியிருந்தது. என்னைப் போல அவர் நோட்டில் பொய் எழுதவில்லை. எனக்கு நெறுநெறுப்பு இன்றும் போகவில்லை, மழை நாளில் வலியும் உண்டு. தேய்ந்தது திரும்ப வளராது என்று ஆதிரா முதலிலேயே சொல்லியிருந்தாள். அவள் சொன்னதிலேயே நான் சந்தேகப்படாத ஒரே விஷயம் அது.

பிரியா போனை எடுக்கவில்லை. ஆறு வாரம் கூப்பிட்டேன். படத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று செய்தி அனுப்பினேன், பதில் இல்லை. இவர் போய்ப் பேசுகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் யாரையும் அனுப்பக்கூடாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாங்கள் நடக்கக் கிளம்புகிற நேரத்தில், அவளே வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. இவரைப் பார்த்து, "சித்தப்பா இன்னைக்கு வீட்டில இருங்க, நான் சித்திக்கூட போறேன்" என்றாள்.

கால்வாய்க் கரையில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அளவுக்குத்தான் இடம். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவள் முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள். அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது முழுவதையும் சொல்லுங்கள். ஒரு வார்த்தையும் விடாமல்.

நோயின் பெயரை டாக்டர் எப்படிச் சொன்னார் என்பதிலிருந்து தொடங்கினேன். அத்தான் மேஜையைப் பிடித்துக்கொண்டதைச் சொன்னேன். உன் பரீட்சை முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது, அது முடிந்ததும் அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று நாங்கள் தள்ளிப்போட்டதைச் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. ஆதிராவிடம் சொல்லவில்லை, பிரியாவிடம் அன்று சொல்லவில்லை, இவருக்கும் தெரியாது. அத்தான் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

"அந்தக் காலில பாரம் வைக்கக்கூடாதுன்னு டாக்டர் பறஞ்சிருந்தாரு" என்றேன். "ஒடியும்னு பறஞ்சாரு. நடக்காண்டாம்னு பறஞ்சா அக்காவுக்கு சந்தேகம் வரும்னு, நாங்க நடக்கச் சொன்னோம். சொன்னது நானாக்கும்."

பிரியா நின்றுவிட்டாள். நானும் நின்றேன். எதிரே ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். அவர் போய் வெகுநேரம் ஆகியும் அவள் அசையவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றேன். முட்டி வலித்தது. நிற்பதுதான் அதற்கு நடப்பதைவிடக் கஷ்டம்.

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் உண்டா?"

"உண்டு. அந்தப் பத்து மாசத்துக்க காரியம் உண்டு."

"முட்டு வலிக்குதா?"

"வலிக்குது. நடக்கலாம்."

"அப்ப நடங்க" என்றாள். "நடந்துக்கிட்டே பறயுங்க."